கயிற்றை இழுப்பவன்



வேலை கெட்டால் ஆளைக் குறை சொல்வது நம் வழக்கம். ஆள் அதே ஆளாயிருக்க, மேலே இருப்பவர் நடத்துகிற விதம் மட்டும் மாறினால் என்ன ஆகும்? அமெரிக்காவில், கலிபோர்னியாவைச் சேர்ந்த பிரீமாண்ட் நகரில் இதற்கோர் அத்தாட்சியுண்டு.

அங்கிருந்த ஜெனரல் மோட்டார்ஸ் கார்த் தொழிற்சாலை 1982-ல் மூடப்பட்டது. வேலைக்கு வராமல் நிற்பதும், குடியும், மேலாளரோடு ஓயாத சச்சரவுமாயிருந்த இடம் அது. 1984-ல் ஜப்பானிய டொயோட்டா கம்பெனி கூட்டுச் சேர்ந்து அதையே திறந்தது. ஆட்களில் பெரும்பாலோர் பழையவர்களே. சங்கமும் பழைய சங்கமே. ஆயினும் சில வருஷங்களுக்குள் நல்ல வண்டிகள் வெளிவந்தன. வராமல் நிற்பவரும் வெகுவாய்க் குறைந்தனர்.

மாறினது எது? வேலை வரிசை நெடுக ஒரு கயிறு கட்டியிருந்தார்கள். பிசகு கண்டவன் எவனும் அதை இழுக்கலாம். உடனே குழுத்தலைவன் ஓடிவருவான், "யார் செய்த தப்பு?" என்று கேளாமல், கூட நின்று சரிசெய்வான். முடியாவிட்டால் வரிசையே நிற்கும். முன்னாளில் வரிசையை நிறுத்துவது பெருங்குற்றம். ஆகையால் குறையுள்ள வண்டி குறையோடே நகர்ந்தது. மேலாளரும் தொழிலாளரும் ஒரே சாப்பாட்டுக்கூடத்தில் உண்டார்கள் என்பதும் சிறு காரியமன்று.

பிற்பாடு ஜெனரல் மோட்டார்ஸ் தன் வேறொரு தொழிற்சாலையிலும் அதே கயிற்றைக் கட்டிற்று. அங்கே இழுத்தவனை மேலாள் அதட்டினான். கயிறு சும்மா தொங்கிற்று.

பிரீமாண்டில் அந்தக் கூட்டுவேலை 2010-ல் முடிந்துவிட்டது. இதைப் படித்தபின், நம் கோயில்பிள்ளை ஒரு பிசகை என்னிடம் சொல்ல மூன்று நாள் தயங்கினது ஏனென்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.