கோழியின் ஈரலும் பூஞ்சண நஞ்சும்

கேள்வி: மாரியில் பூஞ்சணம் பிடித்த சோளத்தைத் தின்று கோழிகள் மெலிகின்றன, செலனியம் கொடுத்தால் ஈரல் தப்புமா? (கிண்ணியா வாசகர்)

பதில்: 1960இல் இங்கிலாந்தில் இலட்சத்துக்கு மேற்பட்ட வான்கோழிகள் மாண்டபோது, பிரேசிலிலிருந்து வந்த கச்சான் புண்ணாக்கில் ஒளிந்திருந்த அஃபிளாடொக்சின் என்னும் பூஞ்சண விஷமே காரணமென்று பின்னர் நிரூபணமாயிற்று. அவ்விஷம் ஈரலிலே உருமாறி உயிரணுக்களைச் சிதைக்கும் தருணத்தில், செலனியமானது, தன்னை அங்கமாகக் கொண்ட ஒரு நொதியத்தின் வாயிலாக, அச்சேதத்தை ஓரளவு தணிக்குமென்பது உண்மையே. ஆயினும் விஷத்தை அது நீக்குவதில்லை, அளவு மீறினாலோ தானே விஷமாகிவிடும். பென்ரனைற்று என்னும் களிமண், குடலிலேயே அஃபிளாடொக்சினைப் பற்றிக்கொண்டு எச்சத்தோடு வெளியேற்றுவதால், எனக்கு அதன்மேல்தான் அதிக விசுவாசம். வடகீழ்ப் பருவக்காற்று உங்கள் பகுதியை நனைக்கும் ஐப்பசி முதல் தை வரை, தீன் மூட்டைகளைச் சுவரோடு சாய்க்காது பலகைமேல் அடுக்குங்கள். பூஞ்சணம் பூத்த சோளத்தை, காயவைத்தாலும் நஞ்சு முற்றாகப் போகாதாகையால், புதைத்துவிடுங்கள்.