தத்துவத் துறை செமினாரில் முன்வரிசையில் உட்காருங்கள்

தத்துவத்தில் பிஎச்.டி. செய்கிறீர்கள், அல்லது எம்.ஏ. முடித்து நெட் தேர்வுக்குத் தயாராகிறீர்கள். துறை நோட்டீஸ் போர்டில் அடுத்த வாரம் ஓர் அறக்கட்டளைச் சொற்பொழிவு, அடுத்த மாதம் ஐசிபிஆர் நிதியுதவியில் இரண்டு நாள் கருத்தரங்கு. பலர் காலையில் கையெழுத்துப் போட்டு ஃபைல் வாங்குவார்கள். மதியச் சாப்பாட்டோடு நழுவி, மாலையில் சான்றிதழுக்கு மட்டும் வந்து நிற்பார்கள். உங்களோடு வேலைக்குப் போட்டியிடப்போவது இவர்கள்தான். இவர்களை முந்த இந்த இரண்டு நாள் போதும்.

1. முதலில் சான்றிதழ் மோகத்தை விடுங்கள். பல்கலைக்கழக உதவிப் பேராசிரியர் பணிக்கு, நேர்காணலுக்கு யாரை அழைப்பது என்று முடிவு செய்ய யுஜிசி 2018இல் ஒரு மதிப்பெண் அட்டவணை வகுத்தது. பிஎச்.டி.க்கு 30. ஜேஆர்எஃப்போடு நெட் என்றால் 7. ஆய்விதழில் வந்த கட்டுரை ஒவ்வொன்றுக்கும் 2, அதிகபட்சம் 10. கருத்தரங்கில் கலந்துகொண்டதற்கு அதில் இடமே இல்லை. ஆகவே செமினாரிலிருந்து நீங்கள் எடுத்துவர வேண்டியவை இரண்டு: ஒரு கட்டுரைக்கான சரக்கு, உங்களை நினைவில் வைத்திருக்கும் நான்கு பேர். வெளியூரிலிருந்து பேச வரும் பேராசிரியர் நாளை உங்கள் ஆய்வேட்டை மதிப்பிடுபவராகவோ தேர்வுக் குழுவிலோ இருக்கலாம்.

2. போவதற்கு முன் பேச்சாளரின் கட்டுரை ஒன்றையாவது படித்துவிடுங்கள். ஒரு மணி நேர வேலை.

3. உங்கள் பெயர் நிற்பது கேள்வி நேரத்தில்தான். பேச்சு நடக்கும்போது வாதத்தை எண் போட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்: முதல் படி, இரண்டாம் படி, முடிவு. எந்தப் படி ஆடுகிறதோ அங்கே கை வையுங்கள். உதாரணத்துக்கு, ஒருவர் அத்வைதம் பற்றிப் பேசுகிறார். விழித்ததும் கனவு பொய்யாகிறது, அதுபோல இந்த விழிப்பு உலகமும் ஞானத்தில் பொய்யாகும் என்கிறார். நீங்கள் கேட்க வேண்டியது இது: "சார், கனவு பொய் என்பதை விழிப்பை வைத்துத்தான் சொல்கிறோம். விழிப்பும் பொய் என்றால், கனவைப் பொய் என்று சொன்ன அந்தத் தீர்ப்பு செல்லுமா?" அரை நிமிடம்கூட ஆகாது. அவரும் யோசிப்பார், அரங்கமும் திரும்பிப் பார்க்கும். "மிக அருமையான உரை" என்று தொடங்கி உங்கள் ஆய்வுத் தலைப்பை நீட்டி முழக்கினால் எரிச்சல்தான் மிஞ்சும். ஒரு கேள்வியோடு உட்கார்ந்துவிடுங்கள். மிச்சத்தை டீ பிரேக்கில் வைத்துக்கொள்ளலாம். வெளிநாடு போகும் எண்ணம் இருந்தால் ஒரு பழக்கம் தெரிந்திருக்கட்டும். அங்கே பல தத்துவத் துறைகளில் கையைத் தூக்கினால் புதுக் கேள்வி, விரலை மட்டும் தூக்கினால் இப்போது ஓடும் கேள்வியின் தொடர்ச்சி. விரல் காட்டி வரிசையை முந்திவிட்டுப் புதுக் கேள்வி கேட்பவரை யாரும் மதிப்பதில்லை.

4. நீங்களே கட்டுரை வாசிக்கிறீர்களா? ஏ4 தாளில் ஒரு ஹேண்டவுட் கொடுங்கள். உங்கள் முடிபு முதல் வரியில், வாதப் படிகள் எண்ணோடு, தேவையான மேற்கோள்கள் கீழே. 20 நிமிடம் கொடுத்தால் 15இல் முடியுங்கள். கேம்பிரிட்ஜின் மாரல் சயின்ஸஸ் கிளப் 1912இல், தலைவரின் முன் அனுமதி இல்லாமல் எந்தக் கட்டுரையும் ஏழு நிமிடத்தைத் தாண்டக்கூடாது என்று விதி செய்தது. விவாதத்தைத் தொடங்கிவைப்பதே கட்டுரையின் வேலை என்று அவர்கள் நினைத்தார்கள். அதே ஆண்டு விட்கன்ஸ்டைன் அங்கே தத்துவம் என்றால் என்ன என்று பேசி, சுமார் நான்கு நிமிடத்தில் முடித்தார். நம் கருத்தரங்குகளில் தேல்ஸில் தொடங்கி வரலாறு சொல்லிவிட்டு, சொந்த வாதத்துக்கு வரும்போது மணி அடித்துவிடுகிறது. திறமையான பிள்ளைகள் இப்படி வாய்ப்பை வீணாக்குவதைப் பார்க்க வயிறு எரிகிறது.

5. உங்களிடம் கேட்கப்பட்ட கேள்விகளை ஒரு நண்பரை எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள். மேடையில் நிற்கும்போது அவை உங்கள் மனதில் தங்காது. ஒரு வாரத்துக்குள் அவற்றுக்குப் பதில் சேர்த்துக் கட்டுரையைத் திருத்துங்கள். கிரிப்கி 1970இல் பிரின்ஸ்டனில் குறிப்புகூட இல்லாமல் மூன்று சொற்பொழிவுகள் ஆற்றினார். அவற்றின் ஒலிப்பதிவை எழுத்தாக்கியதுதான் 1972இல் அச்சாகி, மொழித் தத்துவத்தின் போக்கையே மாற்றியது. பேச்சு எழுத்தாக மாறினால்தான் உங்கள் கணக்கில் சேரும்.

6. பயிலரங்கு என்றால் வாலண்டியராகப் பெயர் கொடுங்கள். அதிலும் பேச்சாளரை ரயில் நிலையத்திலிருந்து கெஸ்ட் ஹவுஸுக்கு அழைத்துவரும் வேலையைக் கேட்டு வாங்குங்கள். காரில் அந்த அரை மணி நேரம் அவர் உங்களோடு மட்டும்தான் இருப்பார். உங்கள் ஆய்வுத் தலைப்பை ஒரு வாக்கியத்தில் சொல்லப் பழகிக்கொண்டு போங்கள். அவர் ஊருக்குத் திரும்பியதும் இரண்டு நாளுக்குள் ஒரு மெயில் அனுப்புங்கள். அவர் பேச்சில் நீங்கள் கேட்ட கேள்வியை நினைவூட்டி, அது தொடர்பாக எழுதிய இரண்டு பக்கத்தை இணையுங்கள். சிவி வேண்டாம். பரிந்துரைக் கடிதம் இப்போதே கேட்காதீர்கள். அந்த இரண்டு பக்கத்துக்கு அவர் பதில் எழுதி, நீங்கள் திருத்தி மறுபடி அனுப்பிய பிறகு கேளுங்கள்.