கோட்டை பூங்காவான கதை

போருக்கென எழுப்பப்பட்ட மதில்கள், போர்க்காலம் முடிந்தபின் என்னவாகின்றன? இடிந்து மண்ணாவதும் உண்டு. மக்கள் கூடும் சோலையாவதும் உண்டு. ஜப்பானிலுள்ள ஹிரோசாகிக் கோட்டை பூங்காவான வரலாற்றை இப்பாடம் எடுத்துரைக்கிறது.

ஜப்பானின் ஹொன்ஷு தீவின் வடகோடியில் உள்ளது ஆவோமோரி மாநிலம். அங்குள்ள ஹிரோசாகி நகரில், சுகாரு குலத்தார் 1611ஆம் ஆண்டு ஒரு கோட்டையைக் கட்டி முடித்தனர். அதன் ஐந்தடுக்குக் கோபுரம் 1627இல் இடிவிழுந்து எரிந்தது. இன்று நாம் காணும் மூன்றடுக்குக் கோபுரம் 1810இல் எழுந்ததாகும்.

வீழ்ச்சியும் மலர்ச்சியும்

1871இல் சிற்றரசுகள் ஒழிக்கப்பட்டன. சாமுராய் வீரர்கள் தம் பதவியையும் வருவாயையும் இழந்தனர். கோட்டையும் கேட்பாரற்றுப் போனது. அந்நிலையில், முன்னாள் சாமுராயும் ஆப்பிள் வளர்ப்பின் முன்னோடியுமான கிகுச்சி ததேயே, 1882இல் ஆயிரம் செர்ரிக் கன்றுகளை அங்கு நட்டார். முன்னோர் காத்த கோட்டையைக் கேளிக்கைக் களமாக்குவதா எனச் சினந்த பழைய வீரர் சிலர், கன்றுகளைப் பிடுங்கி எறிந்தனர். எனினும் எஞ்சியவை வேரூன்றின. 1895இல் கோட்டைவளாகம் பொதுமக்களுக்குரிய பூங்காவாகத் திறக்கப்பட்டது. வாயில் காவலர் தடுத்த இடத்தில் எளிய குடிமக்களும் தடையின்றி நுழைந்தனர்.

இன்று ஏறத்தாழ 2,600 செர்ரி மரங்கள் இங்குள்ளன. ஏப்ரல் இறுதியில் அவை பூத்துக் குலுங்கும். உதிர்ந்த இதழ்கள் அகழிநீரை மூடி மிதக்கும் காட்சியை, 'மலர்த் தெப்பம்' எனப் பொருள்படும் 'ஹனா இகதா' என்னும் சொல்லால் ஜப்பானியர் குறிக்கின்றனர்.

உழவர் தந்த அறிவு

செர்ரிக் கிளையை வெட்டினால் வெட்டுவாய் எளிதில் அழுகும். ஆதலின் அதனை வெட்டலாகாது என்பது ஜப்பானியரின் நெடுநாள் நம்பிக்கை. ஹிரோசாகியின் தோட்டக்காரர்களோ, ஆப்பிள் உழவரின் முறையைப் பின்பற்றினர். நலிந்த கிளைகளைக் கழித்து, வெட்டுவாயில் மருந்து பூசி, வேருக்கு உரமிட்டனர். புதுத்தளிர்கள் கிளைத்தன. அறுபது ஆண்டுகளே வாழும் எனக் கருதப்பட்ட இவ்வகை மரங்களுள் பல, இங்கு நூற்றாண்டைக் கடந்தும் பூக்கின்றன. 1882இல் நட்ட மரமொன்றும் அவற்றுள் அடங்கும்.

கோட்டையின் பெருமை குன்றும் என அஞ்சியே வீரர்கள் கன்றுகளைப் பிடுங்கினர். ஆனால், அம்மரங்களைக் காண வரும் மக்களாலேயே அக்கோட்டையின் பெயர் இன்று உலகெங்கும் அறியப்படுகிறது.

தெரியுமா?

அடித்தளக் கற்சுவர் புடைத்துச் சரியும் நிலையில் இருந்ததால், அதனைச் செப்பனிடுவதற்காக 2015இல் ஏறத்தாழ 400 டன் எடையுள்ள கோபுரத்தைப் பிரிக்காமலேயே உயர்த்தி, சுமார் 70 மீட்டர் தொலைவிற்கு நகர்த்தினர்.

கற்பவை கற்றபின்

கோட்டையில் மரம் நட்டவர், அதனை எதிர்த்தவர் ஆகிய இரு தரப்பாரின் கருத்துகளையும் முன்வைத்து வகுப்பறையில் சொற்போர் நிகழ்த்துக.