தோட்டத்தில் வராத பில்

கேள்வி: ஈப்போவுக்கு அருகே செம்மோரில் வசிக்கிறோம். கணவருக்குத் தொழிற்சாலையில் வேலை. நான் வீட்டிலிருந்தே துணி தைத்துக் கொடுக்கிறேன். இரண்டும் சேர்ந்து மாதம் மூவாயிரம் வெள்ளிக்குக் கிட்ட வருகிறது. இருந்தும் இருபதாம் தேதிக்கு மேல் கையில் காசு நிற்பதில்லை. என் மாமியார் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் பால் மரம் வெட்டியவர். "நாள் சம்பளத்தில் ஐந்து பிள்ளைகளை ஆளாக்கினேன். உங்களுக்குச் சிக்கனம் தெரியவில்லை" என்கிறார். நாள் முழுக்க விளக்கை அணை, காத்தாடியை அணை என்று சொல்லிக்கொண்டிருக்கிறார். நாங்கள் எங்கேதான் தவறுகிறோம்?
(ஒரு வாசகி, செம்மோர்)

பதில்: அன்புச் சகோதரி, கடிதத்தைப் படித்ததுமே உங்கள் மாமியார் மீது எனக்கு மரியாதை வந்துவிட்டது. நாள் சம்பளத்தில் ஐந்து பிள்ளைகளை ஆளாக்குவது லேசான காரியமில்லை. ஆனால், அந்தக் காலத்தில் எல்லோருக்கும் சிக்கனம் தெரிந்திருந்தது, இந்தத் தலைமுறைக்குத் தெரியவில்லை என்று நம்மில் பலர் சொல்கிறோமே, அதைத்தான் ஒப்புக்கொள்ள முடியவில்லை. தோட்டத்திலும் கள்ளுக்கடை இருந்தது. சம்பள நாள் மாலையில் அங்கே போன காசு எத்தனை வீடுகளில் அடுப்பை அணைத்தது என்று மாமியாரையே கேளுங்கள், கதை கதையாகச் சொல்வார். மனிதர்கள் மாறவில்லை. சம்பளத்தின் வடிவம்தான் மாறியது.

முதலில் அந்தச் சம்பளத்துக்குள் என்னென்ன இருந்தன என்று பார்ப்போம். கையில் வந்த வெள்ளி ஒரு பங்குதான். லயம் என்னும் தொழிலாளர் வரிசை வீட்டுக்கு வாடகை கிடையாது. தண்ணீர் பொதுக் குழாயில் வந்தது. பல தோட்டங்களில் ஜெனரேட்டர் மின்சாரம் மாலையில் சில மணி நேரம் மட்டும் வரும், பிறகு தானே நின்றுவிடும். அணைக்கச் சொல்ல ஆள் வேண்டியதில்லை. பழைய ரப்பர் மரம் விறகாகி அடுப்பெரித்தது. கைக்குழந்தையை விடியற்காலையில் ஆயாக் கொட்டகையில் விட்டுவிட்டுப் பெரட்டுக்கு ஓடலாம். பெரட்டு என்பது வேலை தொடங்குமுன் ஆட்களின் பெயரைக் கூப்பிட்டுக் கணக்கெடுப்பது. காய்ச்சலுக்குத் தோட்டத்து மருந்தகம், பிள்ளைக்குத் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளி, லயத்துக்குப் பின்னால் வெண்டைக்கும் கத்தரிக்கும் மரவள்ளிக்கும் ஒரு துண்டு நிலம், சிலருக்கு ஒரு மாடு. வேலைக்கு நடந்தே போனார்கள், அதனால் பெட்ரோல் செலவும் மோட்டார் சைக்கிள் தவணையும் இல்லை.

இதைப் பொருள்வழிச் சம்பளம் என்பார்கள். கூலியின் ஒரு பகுதியைக் காசாகத் தராமல் வீடு, தண்ணீர், மருத்துவம் என்று பொருளாகத் தருவதுதான் அது. மாமியாரின் சிக்கனம் உண்மையானது. ஆனால் அந்தச் சிக்கனத்தின் கைக்கு எட்டிய செலவு அரிசி, பருப்பு, துணி, திருவிழா, கல்யாணம் அவ்வளவுதான். மாதம் பிறந்தால் தேதி போட்டுக் கதவைத் தட்டும் பில் ஒன்றுகூட அவர் வீட்டுக்கு வந்ததில்லை.

இதைச் சொன்னதும் சிலர், "அப்படியானால் தோட்டத்தில் எல்லாம் இலவசம், நாம்தான் அதை விட்டுவிட்டு வந்தோம்" என்று எதிர்ப்பக்கம் சாய்வார்கள். அதுவும் சரியில்லை. யாரும் எதையும் இலவசமாகக் கொடுக்கவில்லை. கூலி குறைவாக இருந்ததற்கு அந்த வீடே ஒரு காரணம். வேலை போனால் வீடும் போகும் என்பதால், கேள்வி கேட்க நினைத்தவர்கூடக் கூரையைப் பார்த்து வாயை மூடிக்கொண்டார். கூலியும் நிலையாக வந்ததில்லை. மழை பெய்தால் மரம் வெட்ட முடியாது, அன்றைய சம்பளம் இல்லை. ஆண்டின் தொடக்கத்தில் ரப்பர் மரம் இலையுதிர்க்கும்போது பால் வற்றும். தொழிற்சங்க ஒப்பந்தங்களில் நாள் கூலியோடு ரப்பர் விலையை ஒட்டி ஏறி இறங்கும் ஒரு தொகையும் சேர்ந்திருந்ததால், உலகச் சந்தையில் விலை சரிந்தால் அது லயத்துச் சமையலறை வரை வந்து சேரும். 1930களின் தொடக்கத்தில் ரப்பர் விலை வீழ்ந்தபோது லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியத் தொழிலாளர்களைக் கப்பலேற்றித் திருப்பி அனுப்பினார்கள். ஜப்பான்காரன் காலத்தில் அரிசி கிடைக்காமல் மரவள்ளிக் கிழங்கே சோறானது. தோட்டத்துச் சிக்கனம் அந்தப் பயத்தில் கற்றது. அதைப் பழங்காலப் பெருமையாக மட்டும் பேசுவதில் எனக்கு உடன்பாடில்லை.

அந்த ஏற்பாடு எப்படிக் கலைந்தது? 1950களில் வெள்ளைக்கார முதலாளிகள் பலர் தோட்டங்களை விற்றுவிட்டுக் கிளம்பினார்கள். வாங்கியவர்கள் அவற்றைச் சிறு சிறு துண்டுகளாக வெட்டி விற்றார்கள். தோட்டத் துண்டாடல் என்று நம் பெரியவர்கள் இன்றும் கசப்போடு சொல்வது இதைத்தான். துண்டான நிலத்துக்கு லயமும் வேண்டாம், ஆயாக் கொட்டகையும் வேண்டாம். அப்போதுதான் உங்கள் மாமியாரின் ஊரான சுங்கை சிப்புட்டைச் சேர்ந்த துன் வீ.தி. சம்பந்தன், 1960ல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். பால் மரம் வெட்டியவர்கள் மாதம் பத்து வெள்ளி கட்டிப் பங்கு சேர்த்தார்கள். அந்தப் பணத்தில் கெடாவில் புக்கிட் சிடிம் தோட்டம் முதலாவதாக வாங்கப்பட்டது. பத்து வெள்ளி அன்று பல நாள் கூலி. இவர்களுக்குச் சேமிக்கத் தெரியாது என்று யார் சொன்னாலும் இந்த ஒரு செய்தியை எடுத்து நீட்டலாம்.

பிறகு ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. ரப்பருக்குத் தேவைப்பட்ட அளவு ஆள் செம்பனைக்குத் தேவையில்லை. மேம்பாட்டுக்காகவும் பல தோட்டங்கள் கைமாறின. லயம் இடிந்து, மக்கள் தாமான் என்னும் குடியிருப்புகளுக்கும் மலிவு விலை வீடுகளுக்கும் வந்தார்கள். சம்பளம் கூடியது உண்மைதான்; 2025ல் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி ஆகிவிட்டது. ஆனால் வீடு, தண்ணீர், விளக்கு, விறகு, குழந்தைப் பராமரிப்பு, வேலைக்குப் போய்வருவது என்று சம்பளத்துக்குள் ஒளிந்திருந்த அத்தனையும் வெளியே வந்து ஆளுக்கொரு பில்லாக நிற்கின்றன. இருபதாம் தேதிக்குப் பிறகு உங்கள் கை காலியாவதற்கு இதுதான் முதல் காரணம்.

இனி உங்கள் வீட்டுக்கு வருவோம். செலவு இரண்டு வகை. வாடகை, வங்கித் தவணை, இணையக் கட்டணம், காப்புறுதி எல்லாம் நிலைச் செலவு. நீங்கள் எவ்வளவு சிக்கனமாக இருந்தாலும் அதே தொகைதான். மளிகை, மின்சாரம், தண்ணீர், பெட்ரோல் ஆகியவை மாறும் செலவு. சிக்கனம் இரண்டாவதில்தான் பலிக்கும். முதலாவது கனத்துவிட்டால் இரண்டாவதை எவ்வளவு பிழிந்தும் பயனில்லை. ஆகவே பழைய பில்களை எல்லாம் மேசையில் பரப்பி, இவ்விரண்டாகப் பிரித்துக் கூட்டிப் பாருங்கள். நிலைச் செலவு மட்டுமே வருமானத்தில் பாதியைத் தாண்டினால் தவறு உங்கள் சமையலறையில் இல்லை, ஏதோ ஒரு தவணை ஒப்பந்தத்தில் இருக்கிறது.

மின்சாரத்தைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்கலாம், மாமியாரின் புகாரும் அதுதானே. பில்லில் யூனிட் என்று போடுவது ஆயிரம் வாட் சாதனம் ஒரு மணி நேரம் ஓடினால் ஆகும் மின்சாரம். ஒன்பது வாட் எல்இடி விளக்கு தினமும் ஐந்து மணி நேரம் எரிந்தாலும் மாதத்துக்கு ஒன்றரை யூனிட்கூட ஆகாது. எழுபது வாட் காத்தாடி இரவு பத்து மணி நேரம் சுற்றினால் மாதம் சுமார் 21 யூனிட். ஒரு குதிரைத்திறன் பழைய மாடல் ஏர்கோன் இரவு எட்டு மணி நேரம் ஓடினால் மாதம் 150 யூனிட்டைத் தாண்டலாம். குளியலறையில் மாட்டியிருக்கும் உடனடி வெந்நீர்ப் பெட்டி மூவாயிரத்து ஐந்நூறு வாட் இழுக்கும். நாலு பேர் ஆளுக்குப் பத்து நிமிடம் குளித்தால் நாளுக்கு இரண்டு யூனிட்டுக்கு மேல். விளக்கை அணைப்பது நல்ல பழக்கம்தான், ஆனால் பில் அங்கே இல்லை. பில் குளிரிலும் சூட்டிலும் இருக்கிறது. தைக்கும் இயந்திரத்தைப் பற்றிக் கவலை வேண்டாம், அது அதிகம் குடிக்காது. இஸ்திரிப் பெட்டியை மட்டும் நாளுக்கொரு தடவை சூடேற்றாமல் வாரத்துணியை ஒரே மூச்சில் தேய்த்துவிடுங்கள்.

2025 ஜூலையில் கட்டண முறை மாறியதும் தெரிந்திருக்க வேண்டும். வீட்டுக்கு இப்போது யூனிட்டுக்கு 44.43 சென் அடிப்படைக் கட்டணம். அதிலிருந்து சிக்கன ஊக்கத்தொகை, அதாவது குறைவாகப் பயன்படுத்துவோருக்கான கழிவு, கழிகிறது. 200 யூனிட் வரை பயன்படுத்தும் வீட்டுக்கு யூனிட்டுக்கு 25 சென் கழியும், ஆக 200 யூனிட்டுக்கு 38 வெள்ளி 86 சென்தான். பயன்பாடு ஏற ஏறக் கழிவு படிப்படியாகக் குறைந்து, 1,000 யூனிட்டுக்கு மேல் அறவே இல்லை. இடையில் 600 என்று ஒரு கோடு இருக்கிறது. அதைத் தாண்டினால் 10 வெள்ளி சில்லறை விநியோகக் கட்டணம் சேரும், எரிபொருள் விலைக்கு ஏற்ப மாதாமாதம் மாறும் தொகையும் சேரும், 600க்கு மேற்பட்ட பகுதிக்குச் சேவை வரியும் உண்டு. ஒரு மாதம் கொஞ்சம் கூடுதலாக ஏர்கோன் போட்டதற்குப் பில் ஏன் இவ்வளவு துள்ளியது என்று கேட்பவர்களில் பலர் இந்தக் கோட்டைத் தாண்டியவர்கள்தாம். மாத நடுவில் ஒரு தடவை மீட்டரைப் பாருங்கள். அது போதும்.

தண்ணீரில் அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. கழிவறைத் தொட்டியில் சில துளி உணவு வண்ணம் விட்டு அரை மணி நேரம் கழித்துப் பாருங்கள்; கோப்பைக்குள் நிறம் இறங்கியிருந்தால் இரவும் பகலும் கசிகிறது என்று அர்த்தம். சமையல் எரிவாயுவில் 14 கிலோ சிலிண்டர் 26 வெள்ளி 60 சென் என்பது அரசு கட்டுப்படுத்திய விலை. வீட்டுக்குக் கொண்டுவந்து தருவதற்குக் கடைக்காரர் கூடுதலாகக் கேட்பார், எவ்வளவு என்று முன்பே பேசிக்கொள்ளுங்கள்.

இருபதாம் தேதிக்குப் பிறகு என்ன செய்கிறீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. எனக்குக் கவலை அங்கேதான். தோட்டத்தில் அந்த நாட்களைத் தாங்கியது 555 புத்தகம். உள்ளங்கையளவு நோட்டு, மளிகைக்கடைக்காரர் வாங்கியதையெல்லாம் அதில் எழுதிவைத்துச் சம்பள நாளில் கழிப்பார். விலையில் சில காசு கூட வைத்திருப்பார்தான், ஆனால் உங்கள் குடும்பத்தையும் மழையையும் அறிந்தவர், ஒரு மாதம் பொறுத்துக்கொள்வார். இன்று அந்த இடத்துக்குக் கைப்பேசியில் இப்போது வாங்கிப் பிறகு கட்டும் திட்டங்களும், விளக்குக் கம்பத்தில் எண் ஒட்டிவைக்கும் ஆலோங்கும் வந்துவிட்டார்கள். ஆலோங் என்றால் உரிமம் இல்லாத வட்டிக்காரர். அந்த எண்ணுக்கு எக்காரணத்தைக் கொண்டும் அழைக்காதீர்கள். உரிமம் பெற்ற கடன் நிறுவனம் ஈடு இல்லாத கடனுக்கு ஆண்டுக்கு 18 விழுக்காட்டுக்கு மேல் வட்டி வாங்கச் சட்டம் இடம் தரவில்லை. இதைவிட அதிகம் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள்.

கூட்டு பிடிக்கலாமா என்று அடுத்துக் கேட்பீர்கள். பத்துப் பெண்கள் மாதம் நூறு போட்டு, ஆயிரத்தை முறைவைத்து ஒருவர் எடுப்பது நம் தாய்மார்கள் நெடுங்காலமாகச் செய்துவருவது. அதில் எத்தனையோ காதணியும் பள்ளிக்கட்டணமும் பிறந்திருக்கின்றன. ஆனால் கூட்டு நடத்துவதைத் தொழிலாகக் கொள்வதை 1971ஆம் ஆண்டுச் சட்டம் தடைசெய்திருக்கிறது. தலைவி பணத்தோடு மறைந்தால் திரும்பப் பெறுவது கடினம். முகம் தெரியாதவர் வாட்சாப்பில் நடத்தும் கூட்டில் ஒரு வெள்ளிகூடப் போடாதீர்கள்.

அவசரத்துக்கு நகை இருந்தால், உரிமம் பெற்ற பஜாக் கடையில், அதாவது அடகுக் கடையில், வட்டி மாதம் இரண்டு விழுக்காட்டுக்குள் இருக்க வேண்டும். ஆயிரம் வெள்ளிக்கு ஆறு மாதத்தில் 120 வெள்ளி. மீட்கும் தேதியைச் சுவர்க் காலண்டரில் வட்டம் போட்டுவையுங்கள். அடகுச் சீட்டு அலமாரியில் தூங்கியே நம் வீடுகளில் நிறைய நகை போயிருக்கிறது. ரஹ்மா உதவித்தொகை, மைகார்டு வழியாக அரிசி, எண்ணெய் வாங்கும் சாரா உதவி ஆகியவற்றுக்கு உங்கள் குடும்பம் தகுதி பெறுகிறதா என்று கட்டாயம் பாருங்கள். அது பிச்சையில்லை. நீங்கள் கடையில் கட்டும் வரியிலிருந்து வருவதுதான்.

தவணைகளே உங்களை அழுத்துகின்றன என்று கணக்கில் தெரிந்தால், பேங்க் நெகாரா 2006ல் அமைத்த ஏகேபிகே என்னும் கடன் ஆலோசனை நிறுவனத்தை அணுகுங்கள். ஆலோசனைக்குக் கட்டணம் கிடையாது. வங்கிகளோடு பேசிப் பல கடன்களை உங்கள் சக்திக்கு ஏற்ற ஒரே மாதத் தவணையாக மாற்றித் தரும் திட்டமும் அவர்களிடம் உண்டு. ஒரு தவணையும் தவறாத நிலையிலேயே போவது நல்லது, பேச இடம் அதிகம் இருக்கும். சம்பளச் சீட்டு, வங்கிக் கணக்கு விவரம், கடன் ஒப்பந்தங்கள், மேசையில் பிரித்துவைத்த அந்த இரண்டு கட்டுப் பில்கள் எல்லாவற்றையும் கொண்டுபோங்கள். கணவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். கையெழுத்துப் போடப்போகிறவர் அவரும்தானே.