ஹோட்டல் அறையில் விட்ட பொம்மையும் கொலுசும்: யார் பொறுப்பு?

கேள்வி: விடுமுறைக்குக் குடும்பத்துடன் கொடைக்கானல் போய் ஒரு ஹோட்டலில் இரண்டு இரவு தங்கினோம். கிளம்பும் அவசரத்தில் நான்கு வயது மகளின் கரடி பொம்மையைக் கட்டிலிலும், அவளுடைய வெள்ளிக் கொலுசைக் குளியலறையிலும் விட்டுவிட்டோம். பழனிக்கு இறங்கிய பிறகுதான் தெரிந்தது. உடனே போன் செய்தோம். “பார்த்துச் சொல்கிறோம்” என்றவர்கள், மறுநாள் “எதுவும் கிடைக்கவில்லை” என்று சொல்லிவிட்டார்கள். ‘உடைமைகளுக்கு நிர்வாகம் பொறுப்பல்ல’ என்று அறையிலேயே எழுதி ஒட்டியிருக்கிறோமே என்கிறார்கள். இரண்டு வாரம் ஆகிறது. கைக்குழந்தையாக இருந்தபோதிலிருந்து அந்தக் கரடியைக் கட்டிக்கொண்டே தூங்கியவள், இப்போது ராத்திரியெல்லாம் அழுகிறாள். “முந்நூறு ரூபாய் பொம்மை, வேறு வாங்கிக்கொள்ளலாம், விடு” என்கிறார் கணவர். விட்டுவிடத்தான் வேண்டுமா? சட்டத்தில் வழி இருக்கிறதா?
– ஒரு வாசகி, ஈரோடு

பதில் (நுகர்வோர் வழக்குகளை நடத்தும் வழக்கறிஞர்):

விட வேண்டாம். ஆனால் வழக்கைப் பற்றி யோசிக்கும் முன் ஒழுங்காகத் தேட வையுங்கள். பொம்மை போன வழி வேறு, கொலுசு போன வழி வேறாக இருக்கலாம். இரண்டையும் ஒரே புகாராகக் கலக்காதீர்கள்.

முதலில் பொம்மை. நீங்கள் சாவியைக் கொடுத்ததும், அடுத்த விருந்தினர் வருவதற்குள் அறையைத் தயார் செய்ய ஊழியர்கள் ஓடுவார்கள். பெட்ஷீட், போர்வை, தலையணை உறை எல்லாவற்றையும் ஒரே சுருட்டாக உருவி மூட்டை கட்டுவார்கள். கட்டிலில் கிடந்த சின்னப் பொம்மை அந்தச் சுருட்டுக்குள் போவது சகஜம். பல ஹோட்டல்களில் சலவை வெளி லாண்டரியில்தான் நடக்கிறது. ஆகவே ரிசப்ஷனில் இருப்பவர் “அறையில் இல்லை” என்று சொன்னது உண்மையாகவே இருக்கலாம். நீங்கள் பேச வேண்டியது ஹவுஸ்கீப்பிங் மேற்பார்வையாளரிடம். மூன்று கேள்விகள் கேளுங்கள். அன்றைய துணி எந்த லாண்டரிக்குப் போனது? அங்கே விசாரித்தீர்களா? கண்டெடுத்த பொருள்களுக்கான பதிவேட்டில் அந்தத் தேதியில் என்ன எழுதியிருக்கிறது?

அந்தப் பதிவேடு முக்கியம். ஒழுங்காக நடக்கும் ஹோட்டல்களில் எந்த அறை, எந்தத் தேதி, யார் எடுத்தார்கள் என்று எழுதி, பொருளைத் தனியாகப் பூட்டி வைப்பார்கள். ஆனால் அவர்களாகவே விருந்தினரை அழைத்துச் சொல்லாத ஹோட்டல்கள் நிறைய உண்டு. யார் எங்கே தங்கினார் என்பது வீட்டில் இருப்பவர்களுக்குத் தெரிய வேண்டாம் என்ற எச்சரிக்கைதான் காரணம். கேட்டவருக்குத்தான் கிடைக்கும். பொருளை எத்தனை நாள் வைத்திருப்பார்கள் என்பதும் ஹோட்டலுக்கு ஹோட்டல் மாறும் என்பதால், இரண்டு வாரம் ஆன நிலையில் இனியும் தள்ளிப்போடாதீர்கள்.

இனி அந்த அறிவிப்பு. ‘பொறுப்பல்ல’ என்று ஒட்டிவிட்டால் பொறுப்பு போய்விடாது. 2019 நவம்பரில் தாஜ்மகால் ஹோட்டல் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கியது. 1998-இல் டெல்லியில் அந்த ஹோட்டல் ஊழியரிடம் சாவியைக் கொடுத்து நிறுத்திய கார் திருடு போனது. ‘உரிமையாளர் பொறுப்பில்’ என்று சீட்டில் அச்சிட்டிருந்தாலும், ஹோட்டல் தன் கவனக்குறைவுக்கு அதைக் கேடயமாக்க முடியாது என்றது நீதிமன்றம். ஒப்படைத்த பொருள் தொலைந்தால், தன் பக்கம் தவறில்லை என்று காட்ட வேண்டியதும் ஹோட்டலே.

உங்கள் விஷயத்தில் ஒரு வித்தியாசம் உண்டு. அந்தக் கார் கையில் ஒப்படைக்கப்பட்டது. நீங்களோ மறந்துவிட்டு வந்தீர்கள். இதற்கும் 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தில் இடம் இருக்கிறது. பிறர் பொருளைக் கண்டெடுத்துத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டவருக்கு, பாதுகாக்கச் சொல்லிக் கொடுக்கப்பட்டவருக்கு உள்ள அதே கடமை உண்டு என்கிறது பிரிவு 71. தன் சொந்தப் பொருளை ஒரு சாதாரண மனிதர் எவ்வளவு கவனமாக வைத்துக்கொள்வாரோ அவ்வளவு கவனம் வேண்டும் என்கிறது பிரிவு 151. ஆனால் பொருள் அந்த அறையில்தான் இருந்தது, அவர்கள் கைக்குப் போனது என்பதை முதலில் நீங்கள் காட்ட வேண்டும். மறந்தது உங்கள் தவறு என்ற வாதமும் வரும். இழப்பீட்டுத் தொகையை அது குறைக்கலாம்.

அதனால் ஆதாரம் திரட்டுங்கள். கொடைக்கானலில் எடுத்த படங்களைப் புரட்டுங்கள். கட்டிலில் பொம்மையோடு மகள், காலில் கொலுசு என்று ஒரு படமாவது இருக்கும். எடுத்த தேதியும் நேரமும் அதிலேயே பதிவாகியிருக்கும். ஹோட்டல் பில், நீங்கள் முதலில் அழைத்த நேரத்தைக் காட்டும் போன் பதிவு, கொலுசு வாங்கிய நகைக்கடை ரசீது ஆகியவற்றைச் சேர்த்து மேலாளருக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள். அந்த மாடி வராந்தாவின் சிசிடிவி பதிவை அழிக்காமல் வைக்கும்படி அதிலேயே கேளுங்கள். பழைய பதிவின் மேல் புதிய பதிவு ஏறிக்கொண்டே இருக்கும் என்பதால் இது அவசரம். பொருள் கிடைத்தால் கூரியர் செலவை நீங்களே ஏற்பதாகவும் எழுதுங்கள். கண்டெடுத்தவர் தமக்கு ஆன செலவு வரும்வரை பொருளை வைத்துக்கொள்ள பிரிவு 168 இடம் தருகிறது.

யாரையும் திருடன் என்று எழுதிவிடாதீர்கள். கண்டெடுத்த பொருளை, உரியவர் யாரென்று தெரிந்தும் நேர்மையின்றித் தனதாக்கிக்கொள்வது பாரதிய நியாய சன்ஹிதா பிரிவு 314-இன்படி குற்றம்தான். ஆனால் ஆதாரம் இல்லாமல் போலீசுக்குப் போனால், அடி விழுவது பெரும்பாலும் அறையைத் துடைத்த தினக்கூலிப் பெண்ணின் பிழைப்பில். சிசிடிவியோ பதிவேடோ எதையாவது காட்டினால் அப்போது கொலுசுக்காகப் புகார் கொடுங்கள்.

மின்னஞ்சலுக்குப் பதினைந்து நாளில் சரியான பதில் வராவிட்டால், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழையுங்கள். அதற்கும் அசையாவிட்டால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம் இருக்கிறது. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் ஈரோட்டிலேயே புகார் கொடுக்கலாம். திண்டுக்கல்லுக்கு அலைய வேண்டாம். சேவைக்குச் செலுத்திய தொகை ஐந்து லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை. வழக்கறிஞர் வைத்தே ஆக வேண்டும் என்பதும் இல்லை. இரண்டு ஆண்டுகளுக்குள் கொடுத்தால் போதும்.

இதையெல்லாம் கொலுசுக்குச் செய்யலாம். பொம்மைக்கு மட்டும் என்றால் நான் வழக்கு நடத்தச் சொல்ல மாட்டேன். ஆணையம் பணம் வாங்கித் தரலாம். அந்தக் கரடியை வாங்கித் தர முடியாது.

கணவரிடம் ஒன்று சொல்லுங்கள். குழந்தைக்கு அது முந்நூறு ரூபாய் பொம்மை அல்ல. அம்மா பக்கத்தில் இல்லாத நேரத்தைத் தாங்கப் பிள்ளைகள் இப்படி ஒரு பொருளைப் பற்றிக்கொள்வது இயல்பு என்று இங்கிலாந்துக் குழந்தை மருத்துவர் டொனால்ட் வின்னிகாட் 1951-லேயே விளக்கினார். புரூஸ் ஹூட், பால் புளூம் என்ற உளவியலாளர்கள் 2008-இல் வெளியிட்ட ஆய்வில், பொருளை அச்சு அசலாக நகலெடுக்கும் இயந்திரம் என்று ஒரு பெட்டியைப் பிள்ளைகளிடம் காட்டினார்கள். சில பிள்ளைகள் தங்கள் பொம்மையை அதற்குள் வைக்கவே விடவில்லை. விட்டவர்களிலும் பெரும்பாலோர் பழையதையே திருப்பிக் கேட்டார்கள்.

அதனால் புதிய கரடியை வாங்கிவந்து “இதோ கிடைத்துவிட்டது” என்று ஏமாற்றாதீர்கள். மணத்திலேயே கண்டுபிடித்துவிடுவாள். “ஹோட்டலிலேயே விட்டுவிட்டோம், தேடச் சொல்லியிருக்கிறோம், கிடைக்குமா என்று தெரியவில்லை” என்று உள்ளதைச் சொல்லுங்கள். “நீதான் பத்திரமாக வைத்துக்கொள்ளவில்லை” என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். பெட்டி அடுக்கியது அவள் இல்லை. அழுதால் அழட்டும், பக்கத்தில் படுத்துக்கொள்ளுங்கள். புதிதாக எதைப் பிடித்துக்கொண்டு தூங்குவது என்பதை அவளே தேர்ந்தெடுக்கட்டும். உங்கள் பழைய புடவையாகக்கூட இருக்கலாம். வாரக்கணக்கில் தூக்கமும் சாப்பாடும் கெட்டால் குழந்தை மருத்துவரைப் பாருங்கள்.

மற்ற வாசகர்களுக்கும் ஒரு வார்த்தை. அறையைக் காலி செய்யும்போது போர்வையை உதறிப் பாருங்கள். கட்டிலுக்கு அடியிலும் குளியலறைக் கதவுக்குப் பின்னாலும் பாருங்கள். எதையாவது விட்டுவிட்டது தெரிந்தால், போனில் சொல்வதோடு நிற்காமல் அந்த மணி நேரத்திலேயே எழுத்திலும் அனுப்புங்கள். அன்றைய சலவை மூட்டை ஹோட்டலை விட்டுக் கிளம்பும் முன் உங்கள் செய்தி போய்ச் சேர வேண்டும்.