பாடம் 4: சாவி கிடைத்தது, உறுதி எங்கே?

2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை கொஸ்லந்தை மீரியபெத்தை தோட்டத்தில் மலை சரிந்து லயன்களை மூடியது. அந்த இடம் ஆபத்தானது என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது. “பிறகு ஏன் எழும்பிப் போகவில்லை?” என்று இன்றும் சிலர் கேட்கிறார்கள். எங்கே போவது? லயக் காம்பரா தோட்டத்துடையது. அதை விற்கவும் முடியாது, ஈடு வைக்கவும் முடியாது. தப்பியவர்களுக்கு மக்கல்தெனியவில் 75 வீடுகள் கட்டி முடிய இரண்டு வருடங்கள் சென்றன.

அமெரிக்காவில் 2008இல் நடந்தது இதற்கு நேர்மாறானது. கடன் கட்ட முடியாதவர்களின் வீடுகளை வங்கிகள் எடுத்துக்கொண்டன. தெருத்தெருவாக வீடுகள் பூட்டிக் கிடந்தன. அவற்றைத் திருத்தி மீண்டும் ஆட்களைக் குடியேற்ற அந்த அரசாங்கம் 390 கோடி டொலருக்கு மேல் ஒதுக்கியது. அங்கே உறுதி இருந்தவர்கள் வீட்டை இழந்தார்கள். இங்கே தலைமுறை தலைமுறையாக வீட்டில் இருந்தவர்களிடம் உறுதி இல்லை.

இப்போது நமக்கு வரும் பணத்தைப் பார்ப்போம். இந்திய வீடமைப்புத் திட்டத்தில் மலையகத்துக்கு முதலில் 4,000 வீடுகள் ஒதுக்கப்பட்டன. 2017 மே மாதம் நோர்வூட்டில் இந்தியப் பிரதமர் மேலும் 10,000 வீடுகளை அறிவித்தார். வீடு 550 சதுர அடி. காணி 7 பேர்ச், அதாவது ஏறக்குறைய 1,900 சதுர அடி. இது நன்கொடை. முந்திய திட்டங்கள் சிலவற்றில் வீட்டுக்கடனைச் சம்பளத்தில் மாதாமாதம் வெட்டினார்கள். ஆகவே உங்கள் வீடு எந்த வகை என்று முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

உறுதி ஏன் தாமதமாகிறது? தோட்டக் காணி அரசாங்கத்துடையது. 1992 முதல் கம்பனிகள் அதைக் குத்தகைக்கு வைத்திருக்கின்றன. கம்பனி விடுவிக்க வேண்டும், நில அளவையாளர் துண்டு பிரிக்க வேண்டும், அதன் பிறகே உறுதி எழுதலாம். கட்டடம் இதற்கெல்லாம் காத்திருப்பதில்லை.

ஹட்டன் பக்கம் ஒரு கூட்டத்தில் ஓர் அம்மா பொலித்தீன் உறையில் பத்திரமாகச் சுற்றிய தாளொன்றை எங்களிடம் காட்டினார். திறப்பு விழாவில் கொடுத்த சான்றிதழ் அது. அழகான தாள்தான், ஆனால் உறுதியல்ல. உறுதியில் துண்டு இலக்கம், நில அளவைப் படத்தின் இலக்கம், காணிப் பதிவகத்தில் பதிந்த விபரம் எல்லாம் இருக்கும். இவை இல்லாவிட்டால் பிரதேச செயலகத்தில் விசாரியுங்கள். வாய்ப்பேச்சோடு விடாமல் கடிதமாகக் கொடுத்து, பிரதியில் திகதி முத்திரை வாங்கி வையுங்கள்.

யார் பெயரில் எழுதப்போகிறார்கள் என்பதையும் கேளுங்கள். கொழுந்து பறித்துக் குடும்பத்தைத் தாங்குவது பெரும்பாலும் அம்மாதான். பட்டியலில் ஐயாவின் பெயர் மட்டும் இருக்கும். இருவர் பெயரையும் சேர்க்கச் சொல்லுங்கள். உறுதி எழுதிய பிறகு திருத்துவது மிகவும் சிரமம்.

புதிய இடத்துக்கும் கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் அறிக்கை தேவை. அத்திவாரம் வெட்டுவதற்கு முன் அதைக் காட்டும்படி கேளுங்கள்.