கொள்கலச் செயலிகட்கு ஏற்ற இடம் யாது?

கணிப்பொறி பயிலும் மாணவர் ஒருவர் தம் மடிக்கணினியில் ஒரு செயலியை இயற்றுகின்றார். அஃது ஆங்கே செவ்வனே இயங்குகின்றது. அதனையே வேறொரு சர்வரில் ஏற்றியவழி இயங்க மறுக்கின்றது. இங்குள்ள பைத்தான் பதிப்பு வேறு, அங்குள்ளது வேறு; இங்கிருந்த துணைநிரல் ஒன்று அங்கில்லை. இவ்விடர்ப்பாட்டை நீக்க வந்ததே கொள்கலம் என்னும் ஏற்பாடு. செயலியையும் அதற்கு வேண்டிய துணைநிரல்களையும் ஒருங்கே ஒரு படிமமாகக் கட்டிவிட்டால், அப்படிமம் சென்றவிடமெல்லாம் ஒரு தன்மையாகவே இயங்கும். 2013-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் சாலமன் ஹைக்ஸ் என்பார் டாக்கர் என்னும் கருவியைப் பலரறியக் காட்டியது முதல் இம்முறை எங்கும் பரவலாயிற்று.

பெயர் துறைமுகத்தினின்று வந்தது. 1956 ஏப்ரல் 26-ஆம் நாள் ஐடியல் எக்ஸ் என்னும் கப்பல் 58 பெரும் பெட்டிகளைச் சுமந்து நெவார்க்கினின்று ஹூஸ்டனுக்குப் புறப்பட்டது. பிற்காலத்தில் பெட்டிகளின் அளவு ஒன்றாக வகுக்கப்படவே, உள்ளே இருப்பது துணியோ தேயிலையோ என்று பாரந்தூக்கி கவலுதல் வேண்டாதாயிற்று. கணினிக் கொள்கலமும் அத்தகையதே. ஆயினும் அது தனிக் கணினி அன்று. லினக்ஸின் கெர்னல் ஒன்றே. அதன்மேல் ஒவ்வொரு செயலியும் தான் மட்டுமே இருப்பதாக எண்ணும்படி பெயர்வெளி என்னும் மறைப்பும், இவ்வளவு நினைவகம், இவ்வளவு செயலாற்றி நேரம் என்னும் வரம்பும் இடப்படுகின்றன. ‘எங்கும் இயங்கும்’ என்றதற்கு ஒரு புறனடையும் உண்டு. ஆப்பிள் நிறுவனம் 2020 முதல் வெளியிடும் மடிக்கணினிகளின் செயலாற்றி ஆர்ம் வகையினது. அதன்மேற் கட்டிய படிமத்தை அங்ஙனமே இன்டெல் வகைச் சர்வரில் ஏற்றினால் ஓடாது. கட்டும்பொழுதே எவ்வகைக்கு என்று குறித்தல் வேண்டும்.

பெட்டி ஒன்றாயினும் துறைமுகங்கள் பல. அமேசான், கூகிள், மைக்ரோசாப்டு ஆகிய மூன்று பெரு நிறுவனங்களும் மேகக் கணிமை என்னும் பெயரால் தத்தம் சர்வர்களை வாடகைக்கு விடுகின்றன. ஒவ்வொன்றிலும் கொள்கலத்தை ஓட்டும் சேவை ஒன்றன்று, பலவுள. எந்நிறுவனம் சிறந்தது என்று வினவுவார் மிகப் பலர். என் கருத்து வருமாறு: அவ்வினா இரண்டாவதாக எழத்தக்கது. நம் வேலையில் எவ்வளவை நாமே செய்வோம், எவ்வளவைப் பிறரிடம் ஒப்படைப்போம் என்பதே முதலில் தீர்க்கத்தக்கது. விடுதியில் தாமே சமைத்துண்பாரும், பங்குமுறையில் சமையற்காரரை வைத்துண்பாரும், பசித்தபொழுது உணவுச்சாலைக்குச் சென்று உண்டதற்கு மட்டும் பணங்கொடுப்பாரும் என மாணவர் முத்திறத்தார் ஆதல்போல, இச்சேவைகளும் முத்திறத்தன.

முதலாவது குபர்னெட்டிஸ். மீகாமன் என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லே அதன் பெயர். கூகிள் நிறுவனம் தன் அகத்தே வழங்கிய போர்க் என்னும் முறையின் பட்டறிவைக்கொண்டு இதனை 2014-இல் வெளியிட்டு, மறு ஆண்டு ஒரு பொது அமைப்பினிடம் ஒப்புவித்தது. பல சர்வர்களைச் சேர்த்து ஒரு கூட்டமாக்கி, எக்கொள்கலம் எச்சர்வரில் ஓடுதல் வேண்டும், ஒன்று விழுந்தால் அதற்கு மாற்றாக எதனை எழுப்புதல் வேண்டும் என்பனவற்றையெல்லாம் இதுவே பார்த்துக்கொள்ளும். மூன்று நிறுவனங்களும் இதனைத் தம் மேற்பார்வையில் அளிக்கின்றன. அமேசானில் இ.கே.எஸ்., கூகிளில் ஜி.கே.இ., மைக்ரோசாப்டின் அஸூரில் ஏ.கே.எஸ். என்பன அவற்றின் பெயர்கள்.

இதன் ஆற்றல் ஐயத்திற்கு இடமற்றது. 2016 சூலையில் போக்கிமான் கோ என்னும் விளையாட்டு வெளிவந்தபொழுது, மதிப்பிட்ட அளவினும் 5 மடங்கு கூட்டம் வரலாம் என்பதே அதனை இயற்றினோர் கொண்டிருந்த மிகுதியான அச்சம். வந்ததோ 50 மடங்கு. கூகிளின் குபர்னெட்டிஸ் சேவைமேல் அது நின்றது. ஆனால் அதனைத் தாங்கிநிற்கத் தேர்ந்த பொறியாளர் குழு ஒன்று இரவு பகலாக உடனிருந்தது என்பதை மறத்தலாகாது. குபர்னெட்டிஸ் ஆண்டிற்கு மும்முறை புதுப்பதிப்பாக வெளிவருகின்றது. ஒவ்வொரு பதிப்பிற்கும் ஏறக்குறைய 14 மாதங்களே ஆதரவு. ஆகவே இதனைக் கைக்கொண்டவர் ஆண்டிற்கு ஒருமுறையேனும் பதிப்பை உயர்த்தியே தீரல் வேண்டும். சோம்பி இருப்பார்க்கு அமேசான் ஒரு தண்டமும் வைத்துள்ளது. கூட்டம் ஒன்றிற்கு மணிக்கு 0.10 டாலர் என்னும் மேற்பார்வைக் கட்டணம், ஆதரவுக்காலம் கடந்த பதிப்பாயின் 0.60 டாலர் ஆகும். அஃதாவது, மாதம் 73 டாலர் கொடுத்தவர் 438 டாலர் கொடுப்பர். கொள்கலங்கள் ஓடும் சர்வர்களின் வாடகை இதற்குப் புறம்பு. ஆசிரியர் ஒருவரும் மாணவர் இருவரும் ஓய்வு வேளையிற் பேணும் செயலிக்கு இம்மீகாமன் எற்றுக்கு?

இரண்டாவது திறம், நிறுவனமே வகுத்த எளிய ஏற்பாடு. அமேசானின் இ.சி.எஸ். 2014-இல் அறிவிக்கப்பட்டது, இதற்கு மேற்பார்வைக் கட்டணம் இல்லை. 2017-இல் வந்த ஃபார்கேட்டுடன் சேர்த்துக்கொண்டால் சர்வரைப் பேணும் தொல்லையும் இல்லை. கொள்கலத்திற்கு வேண்டிய செயலாற்றியும் நினைவகமும் இவ்வளவென்று சொன்னாற் போதும். வர்ஜீனியாவிலுள்ள அமேசான் மையத்தின் விலைப்படி, ஒரு செயலாற்றியும் 2 கிகாபைட்டு நினைவகமும் மாதம் முழுவதும் இடையறாது ஓடினால் ஏறக்குறைய 36 டாலர் ஆகும். கணக்கு இவ்வளவோடு முடிவதாக எண்ணி மகிழ்வார் ஏமாறுவர். கொள்கலத்தை வெளியுலகம் நேரே காணாத அகவலையில் வைத்தால், அது படிமத்தைக் கொணரவும் பிற தளங்களோடு பேசவும் நேட் வாயில் ஒன்று வேண்டும். அதற்கு மணிக்கு 0.045 டாலராக மாதம் ஏறக்குறைய 33 டாலர். கடந்து செல்லும் தரவிற்குத் தனிக் கட்டணம். வருவாரைக் கொள்கலங்களுக்குப் பகிர்ந்தளிக்கும் சுமைப்பகிர்விக்கும் தனியே பணம். வீட்டு வாடகையினும் வாயிற்காவலன் கூலி மிகுந்த கதையாயிற்று. எனினும் நாள் முழுதும் ஒரு சீராக வேலையுள்ள செயலிக்கு இதுவே பெரும்பாலும் தக்கது என்பேன்.

மூன்றாவது திறம் கூகிளின் கிளவுட் ரன். இது 2019-இல் வந்தது. அஸூரின் கன்டெய்னர் ஆப்ஸ் 2022-இல் வந்தது. வேண்டுகோள் வந்தபொழுது கொள்கலம் எழும். எவரும் வாராதொழியின் ஒன்றும் ஓடாது, கட்டணமும் ஏறாது. கிளவுட் ரன்னில் மாதந்தோறும் முதல் 20 இலட்சம் வேண்டுகோள்களுக்குக் கட்டணமில்லை. உறங்கிய கொள்கலம் எழுந்துவரச் சில நொடிகள் செல்லுமாதலின் முதலில் வருவார் சிறிது காத்திருத்தல் வேண்டும். வேண்டுகோள் ஒன்று 60 நிமிடத்திற்கு மேல் நீடித்தலும் ஆகாது. இன்னொன்றும் கருதத்தக்கது. கொள்கலத்தின் உள்ளே எழுதிய கோப்பு நினைவகத்திலேயே தங்குகின்றது. கொள்கலம் ஒழிந்தால் கோப்பும் ஒழியும். மாணவர் ஏற்றிய புகைப்படங்களை அங்கே சேமித்துவைத்தார் மறுநாள் காணார்.

இம்மூன்றனுள் தேர்வது எங்ஙனம் என்பதை ஓர் எடுத்துக்காட்டால் ஆராய்வோம். 3,000 மாணவர் பயிலும் கல்லூரி ஒன்று தேர்வு முடிவுகளைத் தானே ஒரு செயலியால் வெளியிட விரும்புகின்றது எனக் கொள்க. ஆண்டில் இரண்டு மூன்று நாட்களே அதற்கு வேலை. அந்நாட்களிலோ, முடிவு வெளிவரும் மணியடித்தவுடன் மூவாயிரவரும், அவர்தம் பெற்றோரும், ஒரே நிமிடத்தில் வாயிலை இடிப்பர். மேற்படிப்பிற்கு விண்ணப்பிக்கும் இறுதிநாள் நெருங்கியிருப்பின், மதிப்பெண் பட்டியல் ஒரு மணி நேரம் தாழ்த்தலும் ஒருவர் இடத்தை இழப்பிக்கக் கூடும். ஆண்டு முழுதும் உறங்கி ஒரு நாள் விழிக்கும் இத்தகைய செயலிக்கு மூன்றாவது திறமே பொருந்தும் என்பது வெளிப்படை. கிளவுட் ரன்னில் ஒரு கொள்கலம் தானாகவே ஒரே காலத்தில் 80 வேண்டுகோள்களை ஏற்கும். ஆகவே மூவாயிரத்தைத் தாங்க 38 கொள்கலங்கள் எழுந்தாற் போதும்.

ஆனால் இடர் பதுங்கியிருப்பது கொள்கலத்தில் அன்று; அதன் பின்னேயுள்ள தரவுத்தளத்தில். ஒவ்வொரு கொள்கலமும் தரவுத்தளத்தோடு 5 இணைப்புகளைத் திறந்துவைக்கும் எனின், 38 கொள்கலங்களுக்கு 190 இணைப்புகள் வேண்டும். போஸ்ட்கிரஸ் தரவுத்தளம் நாம் மாற்றாதவரை 100 இணைப்புகளையே ஏற்கும். எஞ்சியவை மறுக்கப்படும், திரையில் பிழைச்செய்தி தோன்றும், கண்டவர் மீண்டும் மீண்டும் அழுத்துவர், சுமை பெருகும், மேலும் கொள்கலங்கள் எழும், அவையும் இணைப்புக் கேட்கும். தன்னியல்பாக விரியும் ஆற்றலே இங்கே பகையாய் முடிகின்றது. கொள்கலங்களின் மேலெல்லையை 15 என்று குறித்துவைப்பின் 75 இணைப்புகளோடு அமையும். 15 கொள்கலங்கள் ஒரே காலத்தில் 1,200 வேண்டுகோள்களை ஏற்கும். ஒருவர்க்கு ஒரு விடை அரை நொடியில் செல்லுமாயின் எஞ்சியோரும் நெடிது காத்திரார். இணைப்புகளைப் பலர்க்கும் பொதுவாக்கிக் கொடுக்கும் பிஜிபவுன்சர் போன்ற கருவியை இடையே நிறுத்தலும் ஆம். இதனினும் எளிய வழி, முடிவுகள் மாறாதனவாதலின் ஒவ்வொருவர்க்கும் உரிய பக்கத்தை முன்னரே ஆக்கிவைத்துத் தரவுத்தளத்தை அணுகாமலே விடுதல். அந்நாளுக்கு மட்டும் இரண்டு மூன்று கொள்கலங்களை முன்கூட்டியே எழுப்பிவைக்குமாறு குறித்தால், உறக்கந்தெளியும் தாழ்வும் இராது.

அதே கல்லூரி, நாள்தோறும் காலை முதல் இரவு வரை வழங்கும் நூலகச் செயலியை வைக்க எண்ணுமாயின் என் விடை மாறும். அங்கே ஃபார்கேட்டோ, வாடகைச் சர்வர் ஒன்றில் டாக்கரை மட்டும் நிறுவி நடத்துதலோ சாலும். பல துறையாரும் சேர்ந்து நாற்பது ஐம்பது செயலிகளை நடத்தி, அவற்றிற் சில தம் சர்வரிலும் சில வாடகைச் சர்வரிலும் இயங்க, இவற்றையே தொழிலாகக் கொண்ட சிலரும் உளர் எனின், அப்பொழுது குபர்னெட்டிஸ் தன் கூலிக்குத் தக்க பணி செய்யும். இடத்தைப் பற்றியும் ஒரு சொல். மும்பை வட்டாரத்தில் மூன்று நிறுவனங்களுக்கும் தரவு மையங்கள் உள. அஸூருக்குச் சென்னையிலும் 2015 முதல் உண்டு. ஆனால் எல்லாச் சேவையும் எல்லா ஊரிலும் விற்கப்படுவதில்லை. நாம் வேண்டும் சேவை நாம் வேண்டும் ஊரில் உண்டா என்று முதலிலேயே பார்த்துக்கொள்ளல் வேண்டும்.

இனி, வெளியேறும் வழி. கொள்கலப் படிமம் எங்குஞ் செல்லும் என்பது உண்மை. அதனைச் சூழ்ந்த அனுமதி விதிகளும், மறைசொற் பெட்டகமும், செய்தி வரிசைகளும் அங்ஙனம் செல்வனவல்ல. அவை அந்தந்த நிறுவனத்திற்கே உரியன. தரவை வெளியே எடுத்துச்செல்லவும் கட்டணம் உண்டு. முற்றிலும் விலகிச் செல்வார்க்கு அக்கட்டணம் வேண்டாம் என மூன்று நிறுவனங்களும் 2024-இல் ஒன்றன்பின் ஒன்றாக அறிவித்தன. நாளும் நிகழும் போக்குவரத்திற்கு அச்சலுகை இல்லை. நாம் வெளியேற விரும்பாவிடினும் வெளியேற்றப்படுதலும் நேரும். டாக்கர் கிளவுட் என்னும் சேவை 2018 மே மாதத்திலும், மைக்ரோசாப்டின் முதற் கொள்கலச் சேவை 2020 சனவரி இறுதியிலும் நிறுத்தப்பட்டன. ஆதலின் தரவுத்தளத்தை எந்நிறுவனத்திலும் கிடைக்கும் போஸ்ட்கிரஸ் போன்றதாகத் தேர்வதும், பருவந்தோறும் ஒருமுறை அப்படிமத்தையும் தரவின் படியையும் கல்லூரி ஆய்வகத்துக் கணினி ஒன்றில் ஏற்றி, ஒரு மாணவரின் மதிப்பெண் சரியாக வருகின்றதா என்று ஓட்டிப் பார்ப்பதும் செய்யத்தக்கன. அதற்கு ஒரு பிற்பகல் போதும்.